முளையடிக்கும் இடத்துக்கும் வாடகை!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நாம் ஆற்றிய உரை)



மாட்டை ஓட்டிக்கொண்டு வெளியூர் போகிறீர்கள். வழியில் இருட்டிவிடுகிறது. ஊர்ப் பொதுவான ஒரு மேட்டில் முளையடித்து மாட்டைக் கட்டுகிறீர்கள். அப்போது ஒருவன் வருகிறான். "மாடு உன்னுடையதுதான். கயிறும் முளையும் உன்னுடையதுதான். ஆனால் முளை இறங்கிய மண் என் கையில் இருக்கிறது. ராத்திரிக்கு இவ்வளவு வை" என்கிறான். அடுத்த வருஷம் அதே மேட்டுக்கு இன்னும் அதிகமாகக் கேட்கிறான். மண் மாறவில்லை, மாடும் மாறவில்லை. தொகை மட்டும் ஏறியிருக்கிறது.

இங்கிலாந்தில் படகில் வாழும் மக்களுக்கு இன்று நடப்பது இதுதான். அங்கே கால்வாய்க் கரையில் படகை நிறுத்துகிறவர்கள் உண்மையாகவே இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்து, அதில் கயிற்றைக் கட்டித்தான் நிறுத்துகிறார்கள். அந்த முளையடிக்கும் இடத்துக்குக் கொடுக்கவேண்டிய பணமும், படகுக்குக் கட்டவேண்டிய லைசென்ஸ் பணமும் வருஷா வருஷம் ஏறுகின்றன.

"அயல்நாட்டுப் படகுக்காரன் கஷ்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். "படகு வைத்திருப்பவன் பணக்காரன்தானே?" என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

கோடீசுவரர்களின் உல்லாசக் கப்பல்களைப் பற்றி நாம் பேச வரவில்லை. அவர்களுக்குக் கட்டணம் இரட்டிப்பானாலும் அவர்கள் வீட்டு அடுப்பு அணையாது. நாம் பேசுவது வேறு கூட்டத்தைப் பற்றி. ஓய்வு பெற்ற தச்சர், ஆஸ்பத்திரித் தாதி, பாடசாலை ஆசிரியை, சமையல்காரர், கட்டடத் தொழிலாளி. நகரத்தில் வீட்டு வாடகை கொடுத்து மாளாமல், கையிருப்பைப் போட்டோ கடன் வாங்கியோ பழைய படகு ஒன்றை வாங்கி, அதிலேயே அடுப்பும் படுக்கையும் வைத்துக் குடியிருக்கிறவர்கள். அவர்களுக்குப் படகுதான் குடிசை.

கால்வாயை வெட்டியது யார்?

சென்னைத் தோழர்களுக்குப் பக்கிங்காம் கால்வாய் தெரியும். ஒரு காலத்தில் அதில் உப்பும் விறகும் படகில் வந்தன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டியது யார்? 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்கள், நிவாரண வேலை என்ற பெயரில், அற்பக் கூலிக்கு வெட்டினார்கள். பெயர் மட்டும் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1761-ல் திறந்த கால்வாய்க்கு பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் பெயர். வோர்ஸ்லியில் இருந்த தம் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுபோக அவர் அதை வெட்டுவித்தார். கால்வாய் வந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாக இறங்கியது. லாபத்தைக் கண்ட மற்ற முதலாளிகளும் கால்வாய்க் கம்பெனிகளைத் தொடங்கினார்கள். 1790-களில் அது ஒரு வெறியாகவே பரவிற்று. லீட்ஸ் நகரையும் லிவர்பூல் துறைமுகத்தையும் இணைக்கும் 127 மைல் கால்வாய் 1770-ல் தொடங்கி 1816-ல் முடிந்தது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சும் நிலக்கரியும் இத்தகைய கால்வாய்களில் போயின. நம் நாட்டுக் கைத்தறியை நசுக்கிய துணி நெய்யப்பட்டது அந்த ஆலைகளில்தான்.

இவ்வளவையும் மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு வெட்டியவர்கள் கூலியாட்கள். மண் சரிந்தும் வெடியில் சிக்கியும் செத்தவர்கள் பலர். பிரபுவின் பெயர் நிலைத்தது. வெட்டியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

வாடகை துரத்தித் தண்ணீருக்கு வந்தவர்கள்

ஆரம்பத்தில் படகோட்டிகளுக்குக் கரையில் வீடு இருந்தது. பிறகு ரயில் வந்தது. ரயிலோடு போட்டி போடக் கால்வாய்க் கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தைக் குறைத்தன. நஷ்டம் யார் தலையில் விழுந்தது? படகோட்டியின் தலையில்! கூலி இறங்கியது. கரையில் வாடகை கட்ட முடியவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி மக்களோடு படகிலேயே ஏறினான். மனைவி சுக்கான் பிடித்தாள். பிள்ளை கரையில் குதிரையை ஓட்டினான். முதலாளி ஒருவனுக்குக் கூலி கொடுத்தான். குடும்பமே வேலை செய்தது. நம் கிராமத்தில் பண்ணையாளைச் சேர்த்தால் பெண்டு பிள்ளையின் உழைப்பும் மிராசுதாருக்குப் போய்ச் சேர்ந்ததல்லவா? அதே கணக்குதான்.

படகின் நீளம் 70 அடி, அகலம் 7 அடி. அதில் பெரும் பகுதி சரக்குக்கு. குடும்பத்துக்கு மிஞ்சியது 10 அடி நீள அறை. அடுப்பு, படுக்கை, பிரசவம் எல்லாம் அதற்குள்ளே. இந்த அவலம் வெளியே தெரிந்த பிறகுதான், ஒரு படகில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று வரம்பு கட்டி 1877-ல் சட்டம் வந்தது.

இவர்கள் வாய் பொத்தியும் இருக்கவில்லை. 1923 ஆகஸ்டில், ஃபெல்லோஸ் மார்ட்டன் அண்ட் கிளேட்டன் என்ற பெரிய சரக்குக் கம்பெனி கூலியை வெட்ட முனைந்தபோது, பிரான்ஸ்டன் என்ற ஊரில் படகோட்டிகள் படகுகளைக் கொண்டுவந்து கரையில் கட்டினார்கள். ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் தொழிலாளி வாசலுக்கு வெளியே வருவான். இவர்களுக்கு வெளியே போக இடம் ஏது? வேலை செய்யும் இடமும் வீடும் ஒன்றுதான். படகைக் கட்டிப் போட்டதே வேலைநிறுத்தம்! போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் கொடியின்கீழ், குழந்தை குட்டிகளோடு, சுமார் 14 வாரம் நின்றார்கள்.

பொதுச் சொத்தான கால்வாய்

யுத்தத்துக்குப் பின் தொழிற்கட்சி சர்க்கார் வந்தது. ரயிலோடு சேர்த்து இந்தக் கால்வாய்களில் பெரும்பாலானவற்றையும் 1948 ஜனவரி 1-ல் தேசியமயமாக்கியது. இனாமாக எடுக்கவில்லை. பழைய பங்குதாரர்களுக்கு 3 சதவிகித வட்டி தரும் பத்திரங்களை ஈடாகக் கொடுத்துத்தான் எடுத்தது. அதாவது, தொழிலாளி வெட்டிய கால்வாயை, தொழிலாளியின் வரிப் பணத்திலிருந்து முதலாளிக்கு வட்டி கொடுத்து, நாடு வாங்கிற்று. ஆனாலும் அது ஒரு முன்னேற்றம். கரை பொதுச் சொத்தாயிற்று.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. லாரிகளிடம் ஏற்கனவே தோற்றுக்கொண்டிருந்த படகுச் சரக்குத் தொழிலுக்கு அது கடைசி அடி. பல கால்வாய்கள் தூர்ந்தன. அவற்றை மீட்டவர்கள் யார்? வார விடுமுறையில் மண்வெட்டியோடு வந்து, கூலியில்லாமல் சேறு வாரிய சாதாரண ஜனங்கள்! மேற்கே போகும் கென்னட்-ஏவன் கால்வாய் இப்படிப் பல வருஷ உழைப்பால் சீராகி 1990-ல் மறுபடி முழுதும் திறந்தது.

ஆக, முதலில் கூலியாட்கள் வெட்டினார்கள். பிறகு பொதுப்பணம் வாங்கிற்று. பிறகு ஜனங்களின் இலவச உழைப்பு மீட்டது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிதான் வாடகைக் கதை.

14 நாள் வாழ்க்கை

இங்கே படகு வைத்திருப்பவர் எல்லோரும் வருஷ லைசென்ஸ் எடுக்கவேண்டும். அதற்கு மேல், படகை நிரந்தரமாகக் கட்ட ஓர் இடம் வேண்டுமானால் அதற்குத் தனி வாடகை. லண்டனில் நல்ல இடம் என்றால் வருஷத்துக்கு 10,000 பவுனுக்கு மேலும் போவதுண்டு. காலியாகும் இடங்களை ஏலத்தில் விடும் வழக்கமும் வந்தது. ஏரி மீன் ஏலம், புளியமரத்து ஏலம் நமக்குத் தெரியும். ஏலம் என்றால் தேவை அதிகமுள்ளவனுக்குக் கிடைக்காது. பணம் அதிகமுள்ளவனுக்குக் கிடைக்கும்.

நிரந்தர இடத்துக்குப் பணமில்லாதவன் என்ன செய்வான்? 1995-ம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி விட்டது. நிரந்தர இடம் இல்லாமலே லைசென்ஸ் எடுக்கலாம். ஆனால் உண்மையாகவே பிரயாணம் செய்துகொண்டிருக்கவேண்டும். ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. தக்க காரணம் இருந்தால் மட்டும் கூடுதல் அவகாசம் உண்டு.

இந்த வாழ்க்கையைக் கற்பனை செய்து பாருங்கள். வேலை ஓரிடத்தில். பிள்ளையின் பள்ளிக்கூடம் ஓரிடத்தில். வீடு மட்டும் 14 நாளுக்கு ஒரு முறை நகரவேண்டும்! இந்த வாரம் வேலைக்கு ஒரு மைல். அடுத்த மாதம் ஆறு மைல். குடிதண்ணீரைக் குழாயுள்ள கரையில் நின்று தொட்டியில் பிடித்துக்கொள்ளவேண்டும். கழிவை அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். குளிர்காலத்தில் கரி வாங்கி அடுப்பு மூட்டவேண்டும். எத்தனை மைல் போனால் போதும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வருஷத்தில் 15, 20 மைல் எல்லைக்காவது போய்வராவிட்டால் ஒப்புக்கொள்வது கடினம் என்று நிர்வாகம் அறிவித்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் லைசென்ஸ் புதுப்பிப்பதில் தகராறு. லைசென்ஸ் போனால், 1983-ம் ஆண்டுச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி படகையே அப்புறப்படுத்தலாம். படகை அப்புறப்படுத்துவது என்றால் என்ன? குடிசையை இடிப்பதுதான்!

சும்மா திரிகிறவர்களின் வாழ்க்கை என்று இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, 14 நாளுக்கு ஒரு தரம் வீட்டையும் நகர்த்தி, அதற்குப் பணமும் கட்டுகிறவர் சும்மா திரிகிறவரா?

கட்டணம் ஏறியது எப்படி?

2012-ல் பிரிட்டிஷ் சர்க்கார், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள சுமார் 2,000 மைல் நீர்வழிகளைத் தன் நேரடிப் பொறுப்பிலிருந்து கழற்றி, கால்வாய்-நதி அறக்கட்டளை என்ற ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தது. 15 வருஷத்துக்கு, அதாவது 2027 வரை, மானியம் தருவதாக ஒப்பந்தம். மானியம் வருஷத்துக்குச் சுமார் 5 கோடிப் பவுன் அளவில் இருந்தது.

2023 ஜூலையில் சர்க்கார் அடுத்த கட்டத்தை அறிவித்தது. 2027-லிருந்து 10 வருஷத்துக்கு மொத்தம் 40 கோடிப் பவுன் அளவுக்கு மானியம் உண்டு. ஆனால் அது வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் இது 10 வருஷத்தில் 30 கோடிப் பவுனுக்கு மேற்பட்ட வெட்டு என்று அந்த அறக்கட்டளையே சொல்லிற்று.

வெட்டு விழுந்தால் சுமை எங்கே போகும்? தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். அந்த வருஷமே லைசென்ஸ் கட்டணம் ஏறியது. அதற்கு மேல், நிரந்தர இடம் இல்லாத படகுகளுக்கு மட்டும் தனி அதிகவரி ஒன்று 2024 ஏப்ரலிலிருந்து வந்தது. முதல் வருஷம் 5 சதவிகிதம். படிப்படியாக ஏறி 2028-ல் 25 சதவிகிதம் என்று திட்டம். ஒருவர் 1,000 பவுன் லைசென்ஸ் கட்டுகிறார் என்று வையுங்கள். நிரந்தர இடம் இல்லாத ஒரே காரணத்துக்காக அவர் 1,250 கட்டவேண்டும். வழக்கமான வருஷ உயர்வு இதற்கு மேலே.

நிரந்தர இடம் வாங்கப் பணமில்லாததால்தான் அவர் இடம் வாங்கவில்லை. பணமில்லாத குற்றத்துக்குப் பணத்தாலேயே அபராதம்! வீடில்லாதவனிடம் வீட்டு வரி கேட்பதைப் போல இல்லையா இது?

எதிர்வாதத்தையும் கேட்போம்

நிர்வாகம் சொல்லும் வாதத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. "ஊர் ஊராகப் போகிறவர்கள் மதகுகளையும் கரைகளையும் அதிகம் உபயோகிக்கிறார்கள். ஆகவே அதிகம் கொடுக்கட்டும்" என்பது ஒரு வாதம். "பராமரிப்புச் செலவு ஏறிவிட்டது" என்பது இரண்டாவது.

இரண்டாவது உண்மை. 200 வருஷத்துக்கு மேற்பட்ட மதகுகளும் அணைகளும் பாலங்களும் அவை. 2019 ஆகஸ்டில் வேலி பிரிட்ஜ் என்ற ஊருக்கு மேலே, கால்வாய்க்கு நீர் தரும் டாட்புரூக் ஏரியின் கலிங்கு மழை வெள்ளத்தில் உடைந்தது. அணை நிற்குமோ நிற்காதோ என்று சுமார் 1,500 பேரை ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். ஏரிக்கரை உடைந்தால் என்ன ஆகும் என்று நம் விவசாயத் தோழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே பணம் வேண்டும். மறுக்கவில்லை.

கேள்வி இதுதான்: யார் கொடுப்பது?

கால்வாயால் பயன் பெறுவது படகுக்காரர்கள் மட்டும்தானா? பிரிஸ்டல் நகரக் குடிநீரில் சுமார் பாதி ஒரு கால்வாய் வழியாக வருகிறது. அதை விற்பது தனியார் தண்ணீர்க் கம்பெனி. குதிரைகள் படகை இழுத்துப் போன கரைப் பாதைகளின் அடியில் தந்திக் கம்பெனிகளின் வடங்கள் ஓடுகின்றன. லண்டனில் பாடிங்டன், கிங்ஸ் கிராஸ் பகுதிகளில் பழைய கிடங்குகளை இடித்து மாளிகைகள் எழுப்பியவர்கள், "ஜன்னலைத் திறந்தால் கால்வாய்க் காட்சி" என்று சொல்லி விலையை ஏற்றினார்கள். கட்டட முதலாளி ஒரு மதகைத் திறந்து மூடியதில்லை. ஒரு கூடைச் சேறு வாரியதில்லை. ஆனால் கால்வாயின் அழகு அவன் கல்லாவில் காசாக விழுகிறது. வெள்ளம் வடியவும், ஜனங்கள் காற்று வாங்கவும் கால்வாய் பயன்படுகிறது. இத்தனை பேருக்கும் பயன்படுவதைக் காக்கும் செலவு பொதுக் கஜானாவிலிருந்து வருவதே முறை. லாபம் அடைந்தவன் அதிக வரி கட்டுவதே முறை. பழைய படகில் குடியிருக்கும் தாதியின் கையிலிருந்து 25 சதவிகிதம் பிடுங்குவதா முறை?

முதல் வாதத்துக்கும் பதில் உண்டு. 14 நாளுக்கு ஒரு முறை நகர் என்று கட்டளையிடுவது சட்டம். நகர்ந்தால் "அதிகம் உபயோகித்தாய்" என்று அபராதம். நகராவிட்டால் "சட்டத்தை மீறினாய்" என்று நோட்டீஸ். மேஸ்திரி ஒருவன் இப்படிப் பேசினால் ஆலையில் அவனை என்ன கேட்பீர்கள்?

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். அந்த அறக்கட்டளை லாபப் பங்கு பிரிக்கும் கம்பெனி அல்ல. ஆகவே படகுக்காரர்களின் போராட்டம் கரையில் நிற்கும் சாதாரண ஊழியரோடு அல்ல. அவரும் கூலிக்காரர்தான். மானியத்தை வெட்டிய கை மேலே இருக்கிறது.

பிரித்தாளும் தந்திரம்

இந்த அதிகவரியில் இன்னொரு விஷமும் இருந்தது. நிரந்தர இடம் உள்ளவர், இல்லாதவர் என்று படகுக்காரர்களை அது இரண்டாகப் பிரித்தது. "நான் இடத்துக்கும் வாடகை கட்டுகிறேன். அவன் ஓசியில் கட்டுகிறானே!" என்று முதல் கூட்டத்தில் சிலர் பேசினார்கள். நம் ஆலையில் நிரந்தரத் தொழிலாளியும் பதிலித் தொழிலாளியும் மோதிக்கொண்டால் யாருக்குக் கொண்டாட்டம்? அதேதான் அங்கும்.

ஆனால் எல்லோரும் ஏமாறவில்லை. படகையே வீடாகக் கொண்டவர்களின் சங்கம் இந்த வரியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தது. மானிய வெட்டை எதிர்த்துப் பல சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டு இயக்கம் தொடங்கின. 2023 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் படகுகளே ஊர்வலம் வந்தன. 2024 மே மாதத்தில் லண்டனில் தேம்ஸ் நதியில் பார்லிமெண்டு மாளிகைக்கு எதிரே படகு ஊர்வலம் நடந்தது. கோரிக்கை இன்னும் முழுதாக வெல்லவில்லை. ஆனால் நிரந்தர இடம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே ஊர்வலத்தில் வந்தார்கள். அது சிறிய காரியம் அல்ல.

கடலிலும் இதே கதை

கால்வாயை விட்டுக் கடலுக்குப் போனால் தப்பலாமா? பாய்மரப் படகில் துறை துறையாகப் போகும் எளிய மாலுமிகளைக் கேட்டுப் பாருங்கள். மரினா என்றால் நம் சென்னைக் கடற்கரை அல்ல. அங்கெல்லாம் படகுகள் கட்டும் துறைக்கு அந்தப் பெயர். ஒரு ராத்திரி தங்கினால், படகின் நீளத்தை மீட்டர் கணக்கில் அளந்து பணம். துறை வேண்டாம், கடலடியில் எடைக்கல்லையும் சங்கிலியையும் நிரந்தரமாக இறக்கி மிதவையில் கட்டிக்கொள்கிறேன் என்றால், அந்தக் கடலடிக்கும் சொந்தக்காரர் உண்டு! இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தைச் சுற்றி 12 கடல் மைல் வரை ஏறக்குறைய முழுக் கடலடியும், அலை ஏறி இறங்கும் கரையில் சுமார் பாதியும் 'முடியுரிமைச் சொத்து'. அவர்களிடம் அனுமதி பெற்று அதற்குரிய பணமும் கட்டவேண்டும். அந்தச் சொத்தின் லாபம் கஜானாவுக்குப் போகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் ராஜாவின் செலவுக்குக் கொடுக்கும் தொகையும் அந்த லாபத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2024-25 முதல் அது 12 சதவிகிதம். கடலுக்கு அடியில் கிடக்கும் மண்ணுக்கும் ஜமீன்!

அமெரிக்காவில் ராஜா இல்லை. அங்கே பணமூட்டை ராஜா. 'சேஃப் ஹார்பர்' என்ற கம்பெனி, ஊர் ஊராகத் தனித்தனியே நடந்துவந்த படகுத் துறைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. பெயரின் அர்த்தம் 'பத்திரமான துறைமுகம்'. 2020-ல் அந்தக் கம்பெனியை 'சன் கம்யூனிட்டீஸ்' என்ற இன்னொரு கம்பெனி 211 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மேலும் பல துறைகளைச் சேர்த்து, 2025-ல் 'பிளாக்ஸ்டோன்' என்ற ராட்சச நிதி ஸ்தாபனத்துக்கு 565 கோடி டாலருக்கு விற்றது. அப்போது துறைகளின் எண்ணிக்கை 130-க்கு மேல்.

இந்த சன் கம்யூனிட்டீஸ் கம்பெனியின் பழைய தொழில் என்ன தெரியுமா? ஆலையில் செய்து வண்டியில் கொண்டுவந்து இறக்கும் மலிவு வீடுகள் அமெரிக்காவில் உண்டு. ஏழைத் தொழிலாளிகளும் முதியவர்களும் அவற்றில் வாழ்கிறார்கள். வீடு குடியிருப்பவருடையது, வீடு நிற்கும் மனை கம்பெனியுடையது. மனை வாடகை வசூலிப்பதே அதன் தொழில். வாடகையை ஏற்றினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஆகவே கொடுத்துத்தான் தீரவேண்டும். தரையில் கற்ற பாடத்தை அந்தக் கம்பெனி தண்ணீரிலும் நடத்திற்று. படகு உன்னுடையது, கட்டும் இடம் என்னுடையது. 565 கோடி டாலர் கொடுத்து வாங்கியவன் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பான்? படகைக் கட்ட வருகிறவனிடமிருந்துதான்!

இதற்குப் பெயர் நிலவாடகை

தோழர்களே, இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இது நமக்கு எதற்கு?

மார்க்ஸ் எழுதி, அவர் மறைந்தபின் ஏங்கெல்ஸ் 1894-ல் வெளியிட்ட 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் நிலவாடகை பற்றி விரிவான பகுதி உண்டு. பூமியின் ஒரு துண்டைத் தன் கைக்குள் வைத்திருக்கிறவன், அந்த ஒரே காரணத்தால், மற்றவர்களின் உழைப்பிலிருந்து கப்பம் வாங்குகிறான். அவன் உழுவதில்லை, நெய்வதில்லை. வழியை மறித்து நிற்பதே அவன் தொழில். கரையை யாரும் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. இருக்கிற கரை இவ்வளவுதான். அதனால்தான் கரையைப் பிடித்தவன் கேட்ட விலை கிடைக்கிறது.

குத்தகை விவசாயி நிலத்துக்குக் கொடுப்பதும், ஆலைத் தொழிலாளி லைன் வீட்டுக்குக் கொடுப்பதும், விவசாயத் தொழிலாளி குடிசை போட்ட இடத்துக்காக மிராசுதாரிடம் கைகட்டி நின்றதும், இங்கிலாந்துப் படகுக்காரர் முளையடித்த மண்ணுக்குக் கொடுப்பதும் ஒரே கப்பத்தின் பல பெயர்கள். சர்க்கார் கைவசம் உள்ள பொதுச் சொத்தும், மானியத்தை வெட்டி 'நீயே சம்பாதித்துக்கொள்' என்று தள்ளப்பட்டால், தனியார் சொத்தைப் போலவே வாடகை கேட்க ஆரம்பிக்கும். பெயரளவில் பொதுச் சொத்தாக இருந்தால் மட்டும் போதாது. அதன் செலவையும் பொதுவில் தாங்கவேண்டும். இந்தப் பாடம் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும்.

நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னே வாடகை கட்ட முடியாமல் இங்கிலாந்துப் படகோட்டி கரையைவிட்டுத் தண்ணீருக்கு வந்தான். இன்று அதே வாடகைக்குப் பயந்து அங்கே புதிய தலைமுறை தண்ணீருக்கு வந்திருக்கிறது. வாடகை அங்கேயும் பின்னாலேயே வந்துவிட்டது. ஓடி ஒளிந்து இதிலிருந்து தப்ப முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது. நின்று, சேர்ந்து, எதிர்க்கத்தான் முடியும். 1923-ல் பிரான்ஸ்டன் படகோட்டிகள் செய்தது அதுதான்.

அந்தப் படகு மக்களின் கோரிக்கைகள் எளியவை. மானியத்தை வெட்டாதே! நிரந்தர இடம் இல்லாதவரைத் தண்டிக்காதே! பிள்ளைப் படிப்பும் நோயும் பிரசவமும் தங்குவதற்குத் தக்க காரணம் என்று ஒப்புக்கொள்! தண்ணீர்க் குழாயும் கழிவிடமும் போதிய அளவு கொடு! இதில் அநியாயம் என்ன இருக்கிறது?

நாளைக் காலை நீங்கள் ஆலை வாசலிலோ வரப்பிலோ நிற்கும்போது பக்கத்துத் தோழர், "நேற்றுக் கூட்டத்தில் என்ன பேசினார்கள்?" என்று கேட்பார். "எங்கேயோ சீமையில் படகு கட்டுகிறவன் கதை" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். முளையடித்த மாட்டின் கதையைச் சொல்லுங்கள். மண்ணை வெட்டியவன் ஒருவன், மண்ணுக்கு வாடகை வாங்குகிறவன் வேறொருவன் என்று சொல்லுங்கள். அவருக்கு உடனே புரியும். ஏனென்றால் அது அவருடைய கதையும்தான்.

வெட்டியவர் கரை வெட்டியவர்க்கே! வாழ்பவர் இடம் வாழ்பவர்க்கே!